கரைக்கு ஒரு ஆள்

அந்தப் பையத் தள்ளாதீங்க தம்பி, கனமா இருக்கும். நான் மடியில வச்சுக்கிறேன். நீங்க சன்னலோரமே உக்காருங்க. கீழக்கரை தாண்டினா அங்கங்க கடல் தெரியும், எனக்குக் கொஞ்ச நாளைக்குக் கடலப் பாக்க வேணாம்னு இருக்கு.

தூத்துக்குடியா? நானும் அங்கதான். மூணு மணி நேரம் உருட்டுவான். என்ன வேலை பாக்குறீக? கணக்கு வாத்தியாரா? அப்ப சார்னு கூப்பிடணும், எனக்குத் தம்பின்னே வாயில வருது, கோவிச்சுக்காதீங்க. கணக்கு வாத்தியார் பக்கத்துல உக்காந்தது நல்லதாப் போச்சு. நான் ஒரு விஷயம் சொல்றேன், கேட்டுட்டு ஞாயம் யார் பக்கம்னு சொல்லுங்க. ஏன்னா தூத்துக்குடியில எறங்குனதும் ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா இந்தப் பையக் கொட்டப்போறேன். கொட்டுறதுக்கு முன்னாடி வெளியாளு ஒருத்தர் காதுல போட்டு வச்சா நாளைக்கு ஒரு பேச்சு வராது பாருங்க.

இந்தா, கையில வாங்கிப் பாருங்க. பிஸ்டன். இன்ஜினுக்குள்ள மேலயும் கீழயும் போய்ட்டு வரும்ல, அது. ஒடம்பு பூரா கீறிக் கெடக்கா? பூனை பிறாண்டுன மாதிரி. அலுமினியம் உருகி வழிஞ்சு ரிங்கோட ஒட்டிப் போச்சு. இது புதுசு தம்பி. போட்டு மூணு மணி நேரம்கூட ஓடல. இந்தா இது இன்னொண்ணு, அதே இன்ஜின்ல முன் சிலிண்டர்ல இருந்தது. இதுல ஒரு கீறல் காட்டுங்க பாப்போம். கண்ணாடி மாதிரி இருக்குல்ல. ரெண்டும் ஒரே நாள்ல என் கையால மாட்டினது. முன்னாடி உள்ளது பொழச்சிருச்சு, பின்னாடி உள்ளது செத்துப்போச்சு. ஏன்? அதுக்குத்தான் இந்தப் பயணம்.

என் பேரு பூவலிங்கம். உச்சிப்புளிக்குக் கிழக்க கடற்கரையில பட்டறை. மொதல்ல வள்ளத்து இன்ஜின்தான் பாத்துக்கிட்டு இருந்தோம். அப்புறம் டூரிஸ்டுக வர ஆரம்பிச்சாக, வாட்டர் ஸ்கூட்டர் வந்துச்சு. தண்ணி மேல பைக் மாதிரி உக்காந்து சர்ருனு போவாகல்ல, ஜெட் ஸ்கிம்பாக, அது. அந்தக் கரையில ஆறு வண்டி ஓடுது. ஆறுக்கும் வைத்தியம் நாங்கதான். நாங்கன்னா நானும் கஸ்பாரும். இப்ப நான் மட்டும்.

கஸ்பார்தான் அந்த ஆளு. பத்தொம்பது வருசம் ஒரே பட்டறை, ஒரே தூக்குவாளிச் சோறு. நான் கல்யாணம் கட்டல. அவன் வீட்டுலருந்துதான் மதியத்துக்கு வரும், அவன் பொஞ்சாதி ரோஸ்லின் மதினி குடுத்து விடும். ஒரு நாள், போன வருசம் ஆடி மாசம், நான் ஸ்பேனர் போட்டு ஒரு போல்ட்டு முறுக்கிக்கிட்டு இருக்கேன், அந்தப் பக்கம் நட்டப் பிடிச்சுக்கிட்டே சொல்றான்: "ஏல பூவு, நான் தூத்துக்குடி போறேன். இனி அங்கதான்." அவ்வளவுதான் சொன்னான். பத்தொம்பது வருசத்த ஒரு நட்டு இறுக்குற நேரத்துல முடிச்சிட்டான்.

மதினிக்குக் கிட்னி கெட்டுப்போச்சாம். வாரத்துக்கு மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்ணணுமாம். மக வீடு அங்க இருக்காம், மருமகன் லேத்துப் பட்டறையில இவனுக்கும் ஒரு மெஷின் ஒதுக்கித் தந்துருக்கானாம். ஏன், நம்ம ராமநாதபுரத்துல ரத்தம் சுத்தம் பண்ணமாட்டாகளா? நீங்களே சொல்லுங்க. நான் கேட்டேன். "மக பாத்துக்கிடுவா பூவு"ங்குறான். சரி, போறவன் போன்னுட்டேன். அன்னைக்கே போன்லருந்து அவன் நம்பர அழிச்சேன். முனியசாமி கோயில் சூலத்துல கை வச்சு, செத்தாலும் நானா மொதல்ல அவன்ட்டப் பேசமாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன். பதினாலு மாசம் ஆச்சு. ஒரு வார்த்தை பேசல.

மதினியா? இப்ப எப்படி இருக்குன்னு தெரியல. கேக்கல.

இருங்க, டிக்கெட் எடுத்துக்கிறேன். ...ம், எங்க விட்டேன். கரை ஆளச் சொல்லணும். அதச் சொன்னாத்தான் உங்களுக்கு மத்தது விளங்கும். எங்க பட்டறையில ஒரு சட்டம் உண்டு. வேலை முடிச்ச வண்டிய ஓட்டிப் பாக்க ஒருத்தன் கடலுக்குள்ள போனா, இன்னொருத்தன் கரையில நிக்கணும். கையில செவப்புத் துண்டு. உக்காரக்கூடாது, பீடி பத்த வைக்கக்கூடாது, எவன்ட்டயும் கத பேசக்கூடாது. போனவன் திரும்பி வந்து மணல்ல கால் வைக்கிற வரைக்கும் அவன் மேலயே கண்ணு இருக்கணும். போனவன் அசையாம நின்னுட்டான்னா ஒடனே வள்ளத்த அனுப்பணும். பெரும்பாலும் நான்தான் போவேன், அவன்தான் நிப்பான். ஒரு தடவ பேய் மழை. டூரிஸ்டு அம்புட்டும் ஓடிட்டாக. நான் திரும்பி வாரேன், மழையில கரையே தெரியல, செவப்பு மட்டும் தெரியுது. எருமை மாதிரி நனைஞ்சுக்கிட்டு நிக்கிறான்.

சரி, இன்ஜின் கதைக்கு வாரேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு வண்டி கெட்டுப்போய் வந்துச்சு. பழைய வண்டி, ரெண்டு சிலிண்டர். முழுசாப் பிரிச்சு மறுபடி கட்டணும். சிலிண்டரக் கடைஞ்சு பெருசாக்கி அதுக்கேத்த புது பிஸ்டன் போடணும். கடையுற வேலை நம்ம ஊர்ல எவனுக்கும் சுத்தமா வராது. கஸ்பாருக்கு வரும். என்ன செய்ய? ஒரு வார்த்தை எழுதாம, சிலிண்டரச் சாக்குல கட்டி, இந்தா இதே பஸ்ஸு, டிரைவர்ட்டக் குடுத்து விட்டேன். மூணாம் நாள் அதே பஸ்ஸுல வந்துருச்சு. அருமையான வேலை. அதுல கொற சொல்லமாட்டேன். இல்ல, சொல்லுவேன், சொல்லத்தான் போறேன், இருங்க.

கூட ஒரு காயிதம் வச்சிருந்தான். அதுலதான் எனக்குக் கோவம் உச்சி வரைக்கும் ஏறிப்போச்சு. சட்டைப் பையிலதான் இருக்கு, ஆதாரத்துக்கு வச்சிருக்கேன். வாசிக்கிறேன் கேளுங்க. "ரெண்டு சிலிண்டருக்கும் ஒரே அளவு. ரெண்டு தடவ பாத்துட்டேன். ஆயில் பம்புல ஏர் எடுக்கும்போது பின் குழாய்க்கு ஒரு ஆள் வச்சுக்க. தனியாச் செய்யாத." பாத்தீங்களா? எனக்குப் பாடம் எடுக்கான். நான் மெக்கானிக்கா, அவன் மெக்கானிக்கா? விட்டுட்டுப் போனவனுக்கு இந்த அக்கறை எதுக்கு?

ஏர் எடுக்குறதா? அது ஒண்ணுமில்ல. இந்த இன்ஜினுக்கு எண்ணெ தனி டேங்க்ல இருக்கும். ஒரு பம்பு அத எடுத்து ரெண்டு சன்னக் குழாய் வழியா, முன் சிலிண்டருக்கு ஒண்ணு, பின் சிலிண்டருக்கு ஒண்ணு, அனுப்பும். இன்ஜினப் பிரிச்சு மாட்டினா குழாய்ல காத்து நின்னுக்கும். நம்ம சலைன் டியூப்ல நிக்குமே, அந்த மாதிரி. அத வெளிய தள்ளணும். இன்ஜின ஓடவிட்டு, பம்பு லீவர முழுசாத் தூக்கிப் பிடிக்கணும். குமிழி மெதுவா நகந்து நகந்து உள்ள போகும். குழாய் வெள்ளையா இருந்தது நீலமா மாறும், எண்ணெயோட நெறம் அது. லீவர் இந்தப் பக்கம். பின் குழாய் இன்ஜினுக்கு அந்தப் பக்கம், முதுகுக்குப் பின்னாடி. லீவரப் பிடிச்சவனுக்குக் குழாய் தெரியாது. அதனால ஒருத்தன் பிடிப்பான், ஒருத்தன் பாப்பான். நான் பிடிப்பேன், கஸ்பார் அந்தப் பக்கம் குனிஞ்சு, "வருது... வருது... போச்சு"ம்பான்.

இப்ப ஆளு இல்ல. அதுக்காகத் தெருவுல போறவனக் கூப்பிட முடியுமா? கம்பிய எடுத்து லீவர இழுத்துக் கட்டினேன். அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பாத்தேன். முன் குழாய்க் குமிழி போறதக் கண்ணால பாத்தேன். பின் குழாயப் பாக்குறதுக்குள்ள கம்பி நழுவிருச்சு. திரும்பிக் கட்டினேன், திரும்ப நழுவிருச்சு. கரையில வச்சு ரொம்ப நேரம் ஓட விட்டா சூடாயிரும், அதனால நிப்பாட்டிட்டேன். ஆனா குமிழி போச்சு. போயிருக்கும். முன்னாடி போனா பின்னாடியும் போகும்தான?

சரிங்க, ஓட்டினேன். மொத டேங்க்குக்கு வண்டி வழுக்கிக்கிட்டு ஓடுச்சு. புது இன்ஜினுக்கு மொத டேங்க் பெட்ரோல்லயே கொஞ்சம் எண்ணெயக் கலந்து ஊத்திருவோம், ஒரு காப்புக்கு. அது எல்லா மெக்கானிக்கும் செய்யுறதுதான். ரெண்டரை மணி நேரம், ஒரு சத்தம் கிடையாது. நானே என் முதுகுல தட்டிக்கிட்டேன். கஸ்பார் இல்லாம முழு இன்ஜின் கட்டிட்டேன்ல. ரெண்டாவது டேங்க்கு வெறும் பெட்ரோல் ஊத்தினேன். செவ்வாய்க்கிழமை, கரையில கூட்டம் இல்ல. வண்டி முதலாளி மதுரைக்குப் போயிட்டாக. செல்போனப் பட்டறையில வச்சிட்டு ஏறிப் போயிட்டேன்.

இருவது நிமிஷம். ரெண்டு மைல் உள்ள போயிருப்பேன். இன்ஜின் ஒரு மாதிரி முனங்குச்சு, கையில தெரியும் அது. நிப்பாட்டுறதுக்குள்ள கிறீச்சுன்னு பிடிச்சிருச்சு. அப்புறம் எவ்வளவு அமுக்கியும் சுத்தல. ஆறு லட்சம் தடவ சொல்லிருப்பேன் மத்தவனுக்கு, போன எடுத்துக்கிட்டுப் போங்கடான்னு.

காத்து கரையிலருந்து கடலுக்கு வீசுது. வண்டி பாட்டுக்கு உள்ள போகுது. பத்து மணி வெயிலு. தண்ணி பாட்டில் இல்ல. மொதல்ல ஒண்ணும் தோணல. பாட்டுப் பாடினேன். எனக்கு ரெண்டு பாட்டுதான் முழுசாத் தெரியும், ரெண்டையும் பாடி முடிச்சேன். அப்புறந்தான் ஒரு விஷயம் ஒறைச்சுச்சு: நான் உள்ள வந்தது யாருக்கும் தெரியாது. சாயந்திரம் சோத்துக்கு எவனும் தேடமாட்டான். ராத்திரி வீடு பூட்டிக் கெடந்தா, பூவலிங்கம் எங்கயோ போயிருக்கான்னு நெனப்பாக. ரெண்டு நாள் கழிச்சு முதலாளி வந்து வண்டிய எங்கன்னு கேப்பாக. வண்டியத்தான் கேப்பாக. பயமா இருந்துச்சு தம்பி. அம்பத்தெட்டு வயசுல வெக்கப்படாமச் சொல்றேன்.

மூணு மணி நேரம். மண்டபத்து வள்ளம் ஒண்ணு நண்டு வலை எடுத்துட்டு வந்துச்சு. கயிறு போட்டு இழுத்துட்டு வந்தாக. சுக்கான் பிடிச்சிருந்தவரு கேட்டாரு, "கரையில யாரு நின்னா?" நான் சொன்னேன், "ஆளு நிக்கிதுங்க." பொய். கரையில காக்கா நின்னுச்சு. பட்டறைக்குப் போய் போன எடுத்துப் பாத்தேன். ஒருத்தரும் கூப்பிடல. ஒரு மெசேஜ் மட்டும் வந்துருந்துச்சு, ரீசார்ஜ் பண்ணச் சொல்லி.

சாயல்குடி வந்துருச்சா? பத்து நிமிஷம் நிப்பான். டீ குடிக்கிறீகளா? வேணாமா. எனக்கும் வேணாம். எறங்கினா இந்தச் சூட்டுல சொல்ல வந்தது ஆறிப்போகும்.

பிரிச்சுப் பாத்தேன். எட்டு நாள் அதே வேலை. ஒவ்வொருத்தனா நிப்பாட்டி விசாரிச்சேன். மொதல்ல பெட்ரோல். ரெண்டாவது டேங்க் வேற பங்க்ல வாங்கினது, அதுல கலப்படம்னு நெனச்சேன். மிச்சத்த பாட்டில்ல ஊத்தி வச்சுப் பாத்தேன், தண்ணி பிரியல, வாடை மாறல. அதுவும் போக, பெட்ரோல் கெட்டதுன்னா முன் பிஸ்டனும்ல செத்திருக்கணும்? ரெண்டும் ஒரே டேங்க்லதான குடிக்குது. சரி, பாசி அடைச்சு, இன்ஜினக் குளுத்துற தண்ணி ஏறாமச் சூடாயிருச்சோன்னு பாத்தேன். தண்ணிக் குழாயெல்லாம் சுத்தம். அப்ப மிச்சம் யாரு? கஸ்பார். பின் சிலிண்டர இறுக்கமாக் கடைஞ்சிருக்கான். சூடானதும் பிஸ்டன் பெருத்துப் பிடிச்சிருச்சு. வேற என்ன?

அளந்தேனாவா? அளக்காம இருப்பேனா? மூணு தடவ அளந்தேன். ரெண்டும் ஒரே அளவுதான் காட்டுது. ஆனா அந்த அளவுக் கருவியே அவன் பட்டறையில விட்டுட்டுப் போனதுதான. அவன் பக்கம்தான் பேசும்.

சிரிக்காதீங்க தம்பி.

என்ன கேக்குறீக? மொத டேங்க்குக்கும் ரெண்டாவதுக்கும் என்ன வித்தியாசமா? அதான் சொன்னேனே, மொதல்ல எண்ணெ கலந்த பெட்ரோல், அடுத்தது வெறும் பெட்ரோல். ஆமா, ரெண்டாவது டேங்க்ல பம்பு குடுத்தாத்தான் எண்ணெ. பம்பு குடுத்துச்சே. முன் சிலிண்டருக்குக் குடுத்துருக்குல்ல.

பின் குழாயா?

இருக்கு. பையில போட்டுத்தான் கொண்டாந்தேன், ரெண்டு குழாயும். என் மேல ஒரு தப்பும் இல்லன்னு காட்டத்தான். இந்தா. பிடிங்க, நான் கண்ணாடியப் போட்டுக்கிறேன். இது முன் குழாய். நீலமா இருக்குல்ல, உள்ள பூரா எண்ணெ. இது...

இது வெள்ளையா இருக்கு.

கழுவிருப்பேனோ? இல்ல. நான் கழுவல. கழட்டின கையோட பையில போட்டேன், பாக்கல. எட்டு நாள் பெட்ரோலப் பாத்தேன், பாசியப் பாத்தேன், கஸ்பார் வேலைய மூணு தடவ அளந்தேன். இதப் பாக்கல தம்பி. ஒரு சொட்டு எண்ணெ ஏறல இதுல. காத்து நின்ன எடத்துலயே நின்னுருக்கு. மொத டேங்க்ல பெட்ரோல்ல இருந்த எண்ணெதான் அந்தப் பிஸ்டனத் தூக்கி நிறுத்திருக்கு. அது தீந்ததும், எண்ணெ இல்லாம வறட்டு வறட்டுன்னு இருவது நிமிஷம் உராஞ்சிருக்கு.

குமிழி போகல. நான் போச்சுன்னு சொன்னேன். 'போச்சு'ன்னு சொல்றது எப்பவும் அவன்தான், அந்தப் பக்கத்துலருந்து. இந்தத் தடவ அந்தப் பக்கம் ஆளு இல்லாம நானே சொல்லிக்கிட்டேன்.

அந்தக் காயிதத்த எதுக்குக் கேக்குறீக? வாசிச்சேனே. மடிப்புக்குக் கீழயா? அது வேணாம் தம்பி. எழுத்து சரியாத் தெரியாது. ...சரி, வாத்தியாரு, வாசிங்க. "ஆள் இல்லன்னா சொல்லி விடு. நான் வாரேன்." ஆமா, அப்படித்தான் எழுதிருக்கான். எனக்கு அது தெரியும். ரெண்டு மாசமா சட்டைப் பையிலதான் கெடக்கு, ராத்திரி பையிலருந்து எடுத்து மேசையில வைப்பேன், காலையில திரும்ப எடுத்துப் போட்டுக்குவேன். மூணு மணி நேர பஸ்ஸு. மொத வண்டி ஏறி வந்து, பின் குழாயப் பாத்துட்டு, சாயந்திர வண்டிக்குத் திரும்பிருப்பான். சொல்லி விட்டா வந்துருப்பான். மதினிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற நாளா இருந்தாலும் மறுநாள் வந்துருப்பான். நான் சொல்லி விடல. என்னத்துக்குச் சொல்லி விடணும்னு இருந்துட்டேன்.

வேம்பார் வரப்போகுது. இனி எறங்கி எந்த மூஞ்சியில போய்ப் பையக் கொட்டுறது?

தம்பி, உங்க போன்ல காசு இருக்கா? ஒரு நம்பர் சொல்றேன், கூப்பிடுங்க. போன்லருந்துதான அழிச்சேன், மண்டையிலருந்து போகமாட்டேங்குது. நான் கூப்பிடமாட்டேன், சூலத்துல கை வச்சவன். நீங்க கூப்பிட்டா அது சத்தியத்துல சேராது. ஸ்பீக்கர்ல போடாதீங்க. அவன் சத்தத்த இப்ப என்னால கேக்க முடியாது. நீங்க பேசி எனக்குச் சொல்லுங்க, போதும்.

அடிக்குதா? எடுத்துட்டானா? சொல்லுங்க, பூவலிங்கம் பஸ்ஸுல வாரான்னு சொல்லுங்க. இல்ல, மொதல்ல மதினி எப்படி இருக்குன்னு கேளுங்க. ...நேத்துத்தான் ரத்தம் சுத்தம் பண்ணிட்டு வந்துச்சா. கஞ்சி குடிக்குதாமா. என்னயக் கேட்டுச்சா? சரி. சரி. இப்பச் சொல்லுங்க, பின் பிஸ்டன் பிடிச்சிருச்சுன்னு. ரெண்டு மைல் உள்ள வச்சுன்னு. அவன் கடைசல்ல தப்பில்ல, குழாய்ல எண்ணெ ஏறலன்னு நான் சொன்னதாச் சொல்லுங்க.

என்ன சொல்றான்? இன்ஜினப் பத்திக் கேக்கலையா?

"கரையில யாரு நின்னா"ன்னு கேக்கானா.

மூணு மணி நேரமும் நான் கரையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன் தம்பி. வள்ளம் எந்தப் பக்கத்துலருந்து வந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. அவன் அங்க இல்லன்னு தெரியும், தூத்துக்குடியில இருக்கான்னு தெரியும், தெரிஞ்சும் செவப்பா எதாவது தெரியுதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அத அவன்ட்டச் சொல்லாதீங்க. யாரும் நிக்கலன்னு மட்டும் சொல்லுங்க.